மாடிப்படிக்கு அடியில் ஒரு டப்பா

அன்பு மகள் வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நான்கு பேரும், கீழே நம் நில அளவை ஆபீஸில் ஆறு கணினிகளும், நேற்று மதியத்திலிருந்து பெரிய பிரின்டரும் நலமாக இருக்கிறோம். நீயும் உன்னோடு தங்கியிருக்கும் மூன்று பெண்களும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் உன் பெரியம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், பெரியப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அப்பா வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கிறார், கடைசியில் நான் "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. பெரியப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வெயிலில் நிலம் அளக்கப் போவது மட்டும் குறையவில்லை. பெரியம்மா புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், அதைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். அப்பா அதே மாதிரிதான், எதைக் கேட்டாலும் "பாக்கலாம்".

போன வாரம் நீ கேட்டாயே, சுவரில் நெட் வருகிற துளை ஒன்றுதான் இருக்கிறது, நான்கு பேருக்கும் வீட்டிலிருந்தே வேலை, என்ன செய்வது என்று. ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி வை, ஒரு கேபிளில் வருவதைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. ஐந்து துளை போதும் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதே, எட்டாக வாங்கு. சுவரிலிருந்து வருகிற கேபிளுக்கே ஒரு துளை போய், ஐந்தில் மிச்சம் ஒன்றுகூட இருக்காது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். காற்றோட்டமான இடத்தில் வை, துணி அலமாரிக்குள் திணிக்காதே. முதலில் கரண்ட் கொடு. எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணையும், பயப்படாதே, தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கிறது என்று வைத்துக்கொள். பிறகு சுவர்க் கேபிள், அதற்குப் பிறகு ஒவ்வொரு கணினியாக. ஒன்றைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போ. நான்கையும் ஒரே மூச்சில் செருகினால் கோளாறு எங்கே என்று தெரியாமல் முழிக்க வேண்டும். செருகும்போது டிக் என்று சத்தம் கேட்க வேண்டும். முனையில் இருக்கும் சின்ன நாக்கு உடைந்த கேபிளைக் காகிதம் மடித்து அடைத்துக் காலம் தள்ளாதே, நம் வீட்டில் இரண்டு வருடம் அப்படித்தான் தள்ளினோம். நம்முடையதில் பச்சை எரிந்தால் முழு வேகம், ஆரஞ்சு எரிந்தால் நொண்டுகிறது என்று அர்த்தம். உன்னுடையதில் வேறு மாதிரி இருக்கலாம், கூடவே வரும் தாளைத் தூக்கி எறியாமல் படி. இதற்குக் கடவுச்சொல் கிடையாது, எதையும் கேட்காது, கரண்ட் கொடுத்துச் செருகினால் வேலை செய்யும். நம் வீட்டில் எட்டுத் துளை நிரம்பிவிட்டதால் இரண்டு மாதத்துக்கு முன்னால் பதினாறு துளை ஸ்விட்ச் வாங்கி நான்தான் மாட்டினேன். மாடிப்படிக்கு அடியில், குடைகளும் பெரியப்பாவின் அளவுக் கோல்களும் கிடக்குமே, அந்தக் குட்டி அறையில்தான். குனிந்தே போய்க் குனிந்தே வர வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது டப்பா. நான் டப்பாக்காரி.

அந்த டப்பாவைப் பற்றி எழுத வந்துவிட்டதால் மற்றதையும் எழுதிவிடுகிறேன். நூலக உதவியாளர் வேலைக்கு உத்தரவு வந்தது உனக்குத் தெரியும். வருகிற பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஏழு மணி நேரப் பஸ், வாரம் முழுக்க அங்கேயே தங்க வேண்டும். என் வயதுக்கு இனி அந்தத் தேர்வை எழுத முடியாது. உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு கடைசிப் பரீட்சை எழுதி, எங்கள் வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கினேன். அதை இருபத்தொரு வருடமாக வரைபடம் சுருட்டி வைக்கிற குழாய்க்குள் வைத்திருக்கிறேன். உத்தரவு வந்த அன்று எல்லோருக்கும் சந்தோஷம்தான். போகாதே என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. பெரியப்பா, "ரொம்ப சந்தோஷம்மா, ஆனா டப்பா மக்கர் பண்ணா யாரைக் கூப்பிடுறது?" என்றார். பெரியம்மா, "அவ இல்லாம இவங்களுக்கு ஒரு தாளு வெளிய வருமா, போகவா போறா" என்று எனக்காகப் பெருமைப்பட்டார். அப்பா "பாக்கலாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யாரும் மறிக்கவில்லை, வழியும் விடவில்லை. உத்தரவை நான் மேசை இழுப்பறையில் வைத்தேன், ஒரு மாதமாக அது அங்கேயே இருக்கிறது, இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் தேதி மட்டும் கண்ணில் படுகிறது.

போன வாரம் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆறு கணினியிலும் ஒரே நேரத்தில் எல்லாம் நின்றுபோனது. கோப்பு திறக்கவில்லை, நெட் இல்லை, பிரின்டர் இல்லை. முன்னறையில் வரைபடம் வாங்க வந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல் எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள், நான் மாடிப்படிக்கு அடியில் போனேன். பல்பு எரியவில்லை, ஆனாலும் இருட்டாக இல்லை. டப்பாவில் கேபிள் இருந்த துளைகளின் விளக்கெல்லாம் ஒன்றாக, வெறி பிடித்த மாதிரிச் சிமிட்டிக்கொண்டிருந்தன. சாதாரணமாக அவை ஆளுக்கொரு பக்கம் பேசுகிற மாதிரி விட்டு விட்டுத்தான் சிமிட்டும். நான் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு சாத்தி வெளித் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உன் பெரியம்மாவைத் தெரியுமே, திறந்த கதவைக் கண்டால் கை சும்மா இருக்காது, பூனை புகுந்துவிடுமாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். முன்னறையில் அந்நிய ஆட்கள் இருக்கும்போது படிக்கட்டுக்கு அடியிலிருந்து கத்துவதா என்று வாய் வரவில்லை. முதலில் வேலையை முடிப்போம் என்று ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கினேன். எட்டு பிடுங்கியும் விளக்குகள் அடங்கவில்லை. ஒன்பதாவதைப் பிடுங்கியதும் மீதி விளக்கெல்லாம் சட்டென்று மூச்சு விட்டு அடங்கின. அந்தக் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனால் அதன் மறுமுனையும் அதே டப்பாவில் பன்னிரண்டாம் துளையில் இருந்தது. முன்பு ஸ்கேனருக்குப் போன கேபிள் அது. ஸ்கேனரை இடம் மாற்றியபோது மறுமுனையைச் சுருட்டி அங்கேயே தொங்கவிட்டது நான்தான், அது என் சோம்பல். அதைத் துளையில் செருகியது உன் பெரியப்பா. காலையில் அளவுக் கோல் எடுக்க வந்தவர் கண்ணில் தொங்கல் பட்டிருக்கிறது. பிறகு கேட்டபோது கொஞ்சமும் கூச்சப்படாமல், "தொங்கிட்டு இருந்துச்சு, சேத்து வெச்சேன். ஆரம்பிச்ச எடத்துக்கே வந்து சேராத கோடு ஒரு கோடாம்மா?" என்றார். நிலத்தைச் சுற்றி அளந்துகொண்டு போனால் புறப்பட்ட கல்லுக்கே வந்து சேர வேண்டும், சேர்ந்தால்தான் அளவு சரி, முப்பது வருடமாக அவர் பிழைப்பு அது. டப்பாவில் அப்படிச் சேர்த்தால் நேர்மாறாகிவிடும். ஒரு கணினி எல்லோருக்குமாக அனுப்புகிற செய்தி இந்தத் துளையில் வெளியே போய் அந்தத் துளையில் உள்ளே வந்து, வந்த இடத்திலிருந்து மறுபடியும் வெளியே போய், முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, மற்ற எதற்கும் இடம் இல்லாமல் செய்துவிடும். நீயும் உன் வீட்டில் ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே டப்பாவில் செருகிவிடாதே, செருகுகிற ஆள் யாராவது இருந்தால் ஒரு கண் வைத்துக்கொள்.

மற்ற எட்டையும் திரும்ப மாட்டினேன். வெளியே "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று சத்தம் கேட்டது. பிறகு ஆளுக்கொரு வேலை, தட்டச்சுச் சத்தம், பிரின்டர் ஓடுகிற சத்தம். என்னைத் தேடி யாரும் வரவில்லை. எல்லாம் சரியாகிவிட்டதே, ஏன் தேட வேண்டும். குடைகளுக்கு நடுவில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முன்னறையில் வந்திருந்த ஒருவர், "எங்க ஆபீஸ்ல இது போச்சுன்னா ஆள் வர மூணு நாள் ஆவுது சார்" என்றார். உன் அப்பா சிரித்துக்கொண்டே, "நமக்கு அந்தக் கவலையே இல்ல, ஆளு உள்ளயே இருக்கு" என்றார். மனுஷன் பாசமாகத்தான் சொன்னார், குரலில் எனக்குத் தெரியும். எனக்கு அந்த அறைக்குள் இருந்த காற்று முழுக்கத் தீர்ந்துபோன மாதிரி இருந்தது. நாற்பது நிமிஷம் இருந்திருப்பேன். சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தபோது ஒன்று மிச்சமாக, அதற்குப் பிறகுதான் பெரியம்மா தேடி வந்து கதவைத் திறந்தார். "அடிப்பாவி, இங்கயா இருக்க? வாயில என்ன கொழுக்கட்டையா, ஒரு சத்தம் குடுக்க மாட்ட?" என்று திட்டிவிட்டு என் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார்.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாற்பது நிமிஷத்தில் யோசித்துப் பார்த்தேன். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் இதைப் பார்த்திருக்கலாம். அது எனக்குத் தெரியாததில்லை. எழுதி ஒட்டாமல் மனசிலேயே வைத்துக்கொண்டது நான். நாலு பேருக்கு நடுவில் வாய் திறக்காத எனக்கு, ஆபீஸில் இருக்கும் ஆறு பேரும் ஒரே குரலாக என்னைக் கூப்பிடுவது பிடித்திருந்தது. மற்றவர்கள் போட்ட தாழ்ப்பாள் ஒன்று, உள்பக்கம் நானே போட்டுக்கொண்டது ஒன்று. மறுநாளே பேப்பர் துண்டுகளில் பெயர் எழுதி ஒவ்வொரு கேபிளிலும் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. "மருந்து பாட்டில் மாதிரி இருந்துச்சும்மா, அசிங்கமா. உரிச்சுட்டேன்" என்றார் பெரியப்பா. அவரோடு எங்கே சண்டை போடுவது. உன் அலமாரியின் மேல்தட்டில் நீ விட்டுப்போன நகப்பூச்சு பாட்டில்கள் ஐந்து இருந்தனவே, அவற்றை எடுத்துக்கொண்டேன், கோபப்படாதே. ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும், அது சேர வேண்டிய துளையின் பக்கத்திலும் ஒரே நிறப் புள்ளி. ஐந்து நிறம் போதவில்லை, அதனால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வைத்தேன். கணினிகளுக்குச் சிவப்பில் ஆரம்பித்து, கத்திரிப்பூ நிறம் எல்லோருடைய கோப்புகளும் சேர்ந்திருக்கும் பெட்டிக்கு, இரண்டு வெள்ளி பிரின்டருக்கு. எந்தப் புள்ளி எது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன், சும்மா இருக்கும் கேபிளைக் கழற்றி எடுத்தும் வைத்தேன். நகப்பூச்சை உரிக்க முடியாது. பெரியப்பா பார்த்துவிட்டு, "டப்பாவுக்கும் கல்யாணமா" என்று கேட்டதோடு சரி.

நேற்று நான் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்பா படிக்கட்டின் கீழே நின்று, "இந்தா, பிரின்டரு போச்சு, கீழ வா" என்றார். கால் தன்னால் எழுந்துவிட்டது. பிடித்து உட்கார வைத்தேன். "கதவுக்குப் பின்னாடி தாளு இருக்கு, ரெண்டு வெள்ளிப் புள்ளி, கழட்டி மாட்டுங்க" என்றேன். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கூப்பிட்டு நான் போகாதது அதுதான் முதல் தடவை. "எனக்கெங்க தெரியும்" என்று முணுமுணுப்பு கேட்டது, பிறகு குடைகள் சரிகிற சத்தம், தலை இடிக்கிற சத்தம். நான் ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தேன். பிறகு பிரின்டர் ஓட ஆரம்பித்தது. அப்பா இரண்டு இரண்டு படியாக ஏறி வந்து, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நீ வராமலே முடிஞ்சிருச்சு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு, பரீட்சையில் தேறியவர் மாதிரி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போல. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து நான் மடித்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை பாக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு, "நெட் உள்ள வர்ற கம்பிக்கு என்ன கலரு?" என்று கேட்டார். பச்சை என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கீழே போனார்.

உன் வீட்டில் டப்பா மாட்டியதும் மற்ற மூன்று பெண்களையும் கூப்பிட்டு எது எங்கே போகிறது என்று காட்டிவிடு. உன்னை மட்டும் கூப்பிடும்போது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும், நான் அனுபவித்தவள், சொல்கிறேன். தலைவலி என்று எழுதியிருந்தாய், கண்ணைச் சோதித்துக்கொள், தள்ளிப் போடாதே. தண்ணீர் குடி. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல மனிதர்களுக்கு நடுவில், வேண்டும்போது வரவும் வேண்டும்போது போகவும் முடிகிற ஒரு வாழ்க்கை உனக்கு அமைய வேண்டும் என்று அப்பாவும் பெரியப்பாவும் பெரியம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அவர்கள் மூவரும் இந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை, வாழ்த்து மட்டும் கேட்டு வாங்கினேன்.

மறக்காமல் ஒன்று. பதினெட்டாம் தேதிக்குப் பிறகு பதில் எழுதினால் இந்த வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே. நூலகம் இருக்கிற ஊரில் நான் தங்கப்போகும் பெண்கள் விடுதியின் விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன், பேனாவுக்குக் கை இன்னும் வரவில்லை. அழிந்துபோவதற்குள் நீ அதை மையால் எழுதி வைத்துக்கொள்.

என்றும் உன் நினைவோடு,
உன் அம்மா, டப்பாக்காரி