நம் ஊரில் ரயிலை நிறுத்திய என் அக்கா

என் பொல்லாத அமுதா அக்காவுக்கு,

நம் ஊரில் ரயில் நிற்கிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போதுமா? இதற்காகத்தானே எல்லோரையும் பாடாய்ப் படுத்தினாய்? அதைப் பார்க்க இன்னும் நாலு மாதம் உயிரோடு இருந்திருக்கக் கூடாதா?

நம் ஸ்டேஷனுக்கு அப்படி என்ன பெரிய வரலாறு? சின்ன ரயில் ஓடிய காலத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு பெஞ்சு. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஜனங்கள் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு ஏறித் திருவண்ணாமலையில் இறங்குவார்கள். பிறகு அகலப்பாதை போடத் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வருஷக்கணக்கில் ரயிலே இல்லை. பெரிய ரயில் வந்தபோது நம் ஊரில் நிற்காமல் போனது. ஊர் பஸ்ஸுக்குப் பழகிவிட்டது. நீ மட்டும் பழகவில்லை.

ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்தாய். "அங்க யாரும்மா ஏறுனாங்க, இறங்குனாங்க? ஆதாரம் எதுனா இருக்கா?" என்று ஒரு அதிகாரி கேட்டாராம். நீ என்ன ஆதாரம் கொடுத்தாய்? என் பிறப்புச் சான்றிதழை!

பிரசவ வலியோடு அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்தபோது, அந்த ஸ்டேஷன் பெஞ்சிலேயே நான் பிறந்துவிட்டேன். பத்து வயசில் நீதான் சேலையைத் திரையாகப் பிடித்து நின்றாயாம். பிறந்த இடம், ரயில் நிலையம். அந்த ஒரு வரியால் பள்ளிக்கூடம் முழுக்க நான் 'டேஷன் வசந்தி'. மாமியார் வீட்டில்கூட நான் மூச்சு விடாத விஷயம். அந்தச் சான்றிதழை என் பீரோவிலிருந்து எடுத்து, நகல் போட்டு, மனுவுக்கு மனு வைத்திருக்கிறாய்.

"யாரக் கேட்டு எடுத்த?" என்று கத்தினேன்.

"கேட்டா குடுத்திருப்பியா? அதான் எடுத்துட்டேன்."

"எனக்கு மானம் போவுதுக்கா."

"பொறந்ததுல என்னாடி மானம்? அந்த ஸ்டேஷன்ல டிக்கெட்டே இல்லாம வந்து எறங்குனவ நீ ஒருத்திதான்!"

அப்போதே சிரித்திருக்கலாம். நான் உன்னோடு பேசுவதையே விட்டேன். நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே? பிடிவாதத்தில் நான் உனக்குக் கம்மியில்லை என்று தெரியாதா? உனக்கு நெஞ்சுவலி என்று தகவல் வந்து, நான் வேலை செய்யும் செங்கம் ரோட்டிலிருந்து ஆட்டோ பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ரயில் முதலில் நின்ற அன்று மேடை, மாலை, சால்வை எல்லாம் ஜாஸ்திதான். ஆளாளுக்குப் பேசினார்கள். உன் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடையேறி மைக்கை வாங்கிவிட்டேன்.

"என் பேரு வசந்தி. நான் இந்த ஸ்டேஷன்லதான் பொறந்தேன். இங்க ரயில நிக்க வெச்சது எங்க அக்கா அமுதா. அவங்க பேர சொல்லிட்டு அப்பறம் சால்வ போடுங்க."

முன்வரிசையில் என் மாமியார் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது, "ஏன்மா, இத முன்னயே சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருஷம் இதற்கா பயந்தேன்?

ஆனால் ஒன்று. பிளாட்பாரம் ரொம்பத் தாழ்வு. நேற்று ஒரு கர்ப்பிணிப் பெண்ணை மூன்று பேர் சேர்ந்து கைத்தாங்கலாக ஏற்றினோம். இதை உன் மனுவில் எழுதவே இல்லையே, ஏன்? பரவாயில்லை. மனுவை நான் எழுதிவிட்டேன். ரயில்வே அதை உயர்த்திக் கட்டும்வரை அலைவேன், விட மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி