மேலொப்பமிட்ட சான்றிதழ்

மஸ்கட்
28-4-2005

அன்புள்ள கிதியோன்,

சௌக்கியம்தானே? மகன் கிருஷ்ணகுமார் ஹைதராபாத் மாதாப்பூர் வேலையை விட்டு இங்கே வந்ததிலிருந்து, பேத்திக்குப் பள்ளி தேடுவதே என் உத்தியோகமாகிவிட்டது. ஒரு பள்ளி ரொம்ப தூரம். இன்னொன்றில் இடமில்லை. மூன்றாவதில் சுபாஸ்ரீக்கு நான்காம் வகுப்பில் இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹைதராபாத் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், மாவட்டக் கல்வி அலுவலரின் மேலொப்பத்தோடு, மே 31க்குள் வந்தாக வேண்டும். தவறினால் குழந்தை ஒரு வருடம் வீட்டில்தான். அவசரத்தில் வாங்காமல் வந்துவிட்டோம். அதிகாரக் கடிதம் இணைத்திருக்கிறேன். காஞ்சன்பாக் ஆபீசில் என்னிடம் வேலை பார்த்த காலத்தில் ஒரு கோப்பும் உன் கையில் தாமதமானதில்லை. உன்னை விட்டால் எனக்கு யார்?

உமாசங்கர்

செகந்திராபாத்
14-5-2005

மதிப்பிற்குரிய உமாசங்கர் சார் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளியில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். விடுமுறையாதலால் எழுத்தர் ஊரில் இல்லை. கல்வி அலுவலகத்திலும் நாளை வா என்கிறார்கள். சத்தம் போட்டு வேலை வாங்க எனக்கு வராது என்பது தங்களுக்குத் தெரியும். குழந்தைக்கு என் அன்பு.

பணிவுடன்,
கிதியோன்

மஸ்கட்
15-6-2005

அன்புள்ள கிதியோன்,

சான்றிதழ் 12ஆம் தேதி வந்தது. கெடு தாண்டிவிட்டதே என்று சுபா அழுதாள். தலைமையாசிரியை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போகட்டும் என்று சேர்த்துக்கொண்டார். இந்த வயதில், அந்த வெயிலில், எனக்காக அலைந்திருக்கிறாய். மறக்க மாட்டேன்.

உமாசங்கர்

செகந்திராபாத்
27-6-2005

உமாசங்கர் சார்,

தாங்கள் நன்றி சொல்லியிருக்கக் கூடாது. நான் அலையவில்லை. மே 11ஆம் தேதியே சான்றிதழ் மேலொப்பத்தோடு கைக்கு வந்துவிட்டது. ஜூன் 2 வரை மேசை இழுப்பறையில் வைத்திருந்து, பிறகு தபாலில் சேர்த்தேன்.

1974 ஜூன் தங்களுக்கு நினைவிருக்காது. குவார்ட்டர்ஸ் பள்ளியின் சேர்க்கைக் குழுவில் இருந்தீர்கள். என் மகள் ஜெயசுந்தரியைச் சேர்க்க, சபையில் கொடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் பிறந்த தேதிக்கு அதைத்தான் பார்ப்போம். "பாதிரியார் தண்ணீர் தெளித்த காகிதமெல்லாம் இங்கே செல்லாது, கிதியோன்" என்றீர்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நகராட்சிச் சான்றிதழோடு மறுநாள் வந்தேன். "நேற்றோடு முடிந்தது. விதி விதிதான்" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பினேன். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் எரிகிறது. ஜெயசுந்தரி ஒரு வருடம் ஜன்னலருகே உட்கார்ந்து, உங்கள் கிருஷ்ணகுமார் சீருடையில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுபாஸ்ரீ குழந்தை. அவள் தலையில் இதைச் சுமத்தியது நியாயமா என்று பல நாள் யோசித்தேன், தெரியவில்லை. ஞாயிறு ஆராதனையில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். அவளுக்கு இடம் கிடைத்ததில் எனக்கு நிம்மதிதான். தங்களுக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் இல்லை. தாங்கள் அறியாமலே போனால் நான் செய்தது வெறும் தாமதமாகிவிடும். அதனால்தான் தெரிவிக்கிறேன்.

சான்றிதழைத் தந்ததற்குக் கல்வி அலுவலகம் கொடுத்த சீட்டின் நகல் இத்துடன் இருக்கிறது, மே 11 தேதியிட்டது. அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

கிதியோன்