தண்ணீரில் ஓடிய பம்ப்

12.8.1999, வியாழன்

புது ஆசிட் பம்ப் இன்று தண்ணீரில் நன்றாக ஓடியது. அதுதான் பயமாக இருக்கிறது. சல்ஃப்யூரிக் ஆசிட் தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். வாங்கியவர்கள் தண்ணீர்க் கணக்கிலேயே மோட்டாரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வெறும் தண்ணீருக்கே, மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் அம்மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

மேனேஜரிடம் சொன்னேன். "ஓடிச்சுல்ல? அப்புறம் என்ன? காலையில ஆசிட்டை விடுங்க" என்றார். பம்ப் ஓடியதற்குக் கொடுத்த லட்டு பாதி வாயில்.

மோட்டார் திணறினால் ரிலே கரண்டை வெட்டிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன். திருவொற்றியூரில் இறங்கிய ஃபிட்டர் மாரி என் ஜன்னலைத் தட்டினான்.

"இன்னாத்துக்கு சார் மூஞ்சைத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? ரிலேவை ஃபுல்லா ஏத்தி வுட்டுட்டேன். இனிமே ட்ரிப்பே ஆவாது!"

ரிலே இனி கரண்டை வெட்டவே வெட்டாது என்பது எனக்கு உறைப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவன் வீட்டில் போன் இல்லை. ரிலே இருக்கும் பேனல் சாவியும் அவனிடம்தான்.

மோட்டார் எரிந்தால் எரியட்டும். பக்கத்திலேயே ஆசிட். காலையில் அங்கே நின்று ஸ்விட்ச்சைப் போடப் போகிறவனும் மாரிதான். முதல் பஸ்ஸிலேயே போய்விடுவான். அதற்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும்.

ஸ்கூட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. இப்போது மறுபடியும் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது.