சாமி படத்துக்குப் பின்னால் வைத்த கவர்

தி. நகர், சென்னை-17
19-6-1974

அன்புள்ள மகன் தனபாலனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தத் தூர தேசத்தில் நீயும் மருமகளும் பேரனும் அப்படியே இருக்க முருகன் கூட இருக்கட்டும். மனசைக் கேட்டால்தான் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. நேற்று உன் கடிதம் வந்தது. கிச்சாவின் அப்பா தவறிப்போனதைப் படித்து அன்று முழுக்க வேலை ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். அடுத்த வரியிலேயே, இனி அவனைப் பிடித்து வைக்க அந்த வீட்டில் யாரும் இல்லை, மயிலாப்பூரை விட்டு மேலே போகிற வழியைப் பார்க்கச் சொல்லம்மா, நீ சொன்னால் கேட்பான் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொல்ல மாட்டேன் தனபாலா. அவன் விஷயத்தில் நான் ஒரு தடவை கை வைத்தது போதும். இதுவரை உனக்கு எழுதாததை இப்போது எழுதுகிறேன், அப்பாவிடமே போன மாதம்தான் சொன்னேன்.

பி.யூ.சி.யிலிருந்து நீயும் கிச்சாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தீர்கள். நீ டொரொண்டோ வரைக்கும் போனாய், அவன் பாங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்து சித்திரக்குளத்துப் பக்கத்திலேயே இருந்துவிட்டான். ஆபீசர் ஆனால் வெளியூருக்கு மாற்றுவார்கள் என்று இரண்டு தடவை பிரமோஷன் வேண்டாம் என எழுதிக் கொடுத்தான். ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவான், கண் தெரியாத அப்பாவுக்குக் காப்பி கலந்து கொடுத்துவிட்டு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து வரன் விளம்பரம் வரைக்கும் படித்துக் காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உன் அப்பாவோடு கேரம், சேப்பாக்கத்தில் டெஸ்ட் மாட்ச் என்றால் ஐந்து நாளும் லீவு. கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டான். கிணற்றுத் தவளை என்று நீ எழுதுவதை அவனே என்னிடம் படித்துக் காட்டிச் சிரிப்பான். நான் மட்டும் விட்டேனா, யாராவது பெண் ஏமாற்றிவிட்டாளா, ஜாதகத்தில் கோளாறா, அப்பா தடுக்கிறாரா என்று துருவித் துருவிக் கேட்பேன். ஒண்ணும் இல்லேம்மா, ஆத்துல இருக்கப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான் என்பான். ஏதாவது கஷ்டத்தைச் சொல்லியிருந்தால் அப்போதே விட்டிருப்பேன். பிடித்திருக்கிறது என்பதை என்னால் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளவே முடியவில்லை. அவன் பாட்டுக்கு இருக்கிறான், உனக்கு என்ன குடைச்சல் என்று உன் அப்பா அப்போதே சொன்னார்.

போன வருஷம் ஜூலையில் மூன்றாவது தடவையாகப் பிரமோஷன் வந்தது. அப்போது அவன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தான். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு கவரைக் கையில் கொடுத்தான். அம்மா, வேண்டாம்னு எழுதியிருக்கேன், சனிக்கிழமைக்குள்ள அவாளுக்குக் கிடைக்கணும், போற வழியில தபால் பெட்டியில போட்டுடுங்கோ என்றான். லஸ் முனையில் பெட்டி இருந்தது, பனகல் பார்க்கில் இறங்கினாலும் பெட்டி இருந்தது, இரண்டையும் தாண்டி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அந்த வாரம்தான் உன் கடிதமும் வந்திருந்தது, முப்பத்திரண்டு வயதில் இப்படி இருக்கிறானே, நீயாவது ஏதாவது செய்யம்மா என்று. உன்னைக் குறை சொல்லவில்லை, செய்தது நான்தான். முருகன் படத்துக்கு முன்னால் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் தபாலில் போடுவது, சிவப்பு வந்தால் போடாமல் விடுவது. கவரைப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன், சனிக்கிழமை போய்விட்டது. மறுப்பு வரவில்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாகபுரிக்கு ஆர்டர் போட்டுவிட்டார்கள், ஆர்டர் வந்த பிறகு மறுக்க முடியாதாம். தபாலில் போட்டேளோல்லியோம்மா என்று ஒரே ஒரு தடவை கேட்டான், போட்டேன் என்றேன். சரி, தபால்ல தொலைஞ்சிருக்கும் என்று அதோடு விட்டுவிட்டான். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் பழைய வேலையையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி, அப்பாவைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். நானும் போய்ப் பழகிவிட்டால் திரும்ப மாட்டான் என்று நினைத்து ஸ்டேஷனுக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்தேன்.

அந்த வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தது. ரயில்வே ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தபோது மே மாதம் ஒரு மத்தியானம் பெரியவர் போய்விட்டார். தந்தி கிடைத்து, ரயில் இல்லாமல், ஐதராபாத் வழியாக பஸ்ஸும் லாரியுமாக மாறி மாறிக் கிச்சா வந்து சேர ஐந்து நாள் ஆயிற்று. சித்தப்பா பிள்ளை கொள்ளி வைத்து, எலும்பு பொறுக்கிக் கடலில் கரைத்தும் முடிந்துவிட்டது. கிச்சா வாசலில் நின்று செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றான். பத்து மாதமும் சாயந்திரம் ஆனால் பெரியவர், மணி ஆறாச்சா, கிச்சா வந்துட்டானான்னு கேட்டுண்டே இருப்பார், அப்புறம் தானே நாகபுரின்னு சொல்லிப்பார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

பதின்மூன்றாம் நாள் எல்லாம் முடிந்த பிறகு கவரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் தேனாம்பேட்டையில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று யோசனை. அவன் கையில் கொடுத்து, நான் தபாலில் போடவில்லை கிச்சா, பூப்போட்டுப் பார்த்தேன் என்று அழுதேன். அவன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிரிக்கவில்லை. எந்தப் பூம்மா வந்தது என்று கேட்டான். சிவப்பு என்றேன். கவரை ஜன்னல் திட்டில் வைத்தான். அப்புறம், ஸ்வாமி சொன்னதைத்தானே செஞ்சேள், அதுக்கு நீங்க என்னம்மா பண்ணுவேள் என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆபீசர் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான், பழைய சீட்டுக்கே வந்துவிட்டான். இப்போது யாருக்காகப்பா என்று என் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டது. அப்பாக்காக மட்டும்னு நான் எப்பவாவது சொன்னேனா, எனக்கு ஆத்துல இருக்கணும்மா என்றான்.

ஆகையால் அவனுக்கு நீ எழுதும்போது வேலை, வெளிநாடு, கல்யாணம் என்று ஒரு வரியும் வேண்டாம். ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாய், கேரத்தில் என் அப்பாவை இன்னும் தோற்கடிக்கிறாயா என்று கேள். உன் அப்பா பத்து மாதமாக ஞாயிறுதோறும் போர்டைத் துடைத்து பவுடர் போட்டுத் தனியாகவே தட்டிக்கொண்டிருந்தார், பார்க்கச் சகிக்காது.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. அப்பாவுக்கும் இது தெரியாது, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அன்றைக்கு முதலில் வந்தது வெள்ளைப் பூ தனபாலா. சரியாகக் குலுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடியும் மடித்துப் போட்டேன், இரண்டாவதாகத்தான் சிவப்பு வந்தது. சாமி சொன்னது என்று நம்பித்தான் கிச்சா என்னை மன்னித்திருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட வருகிறேன் என்றிருக்கிறான். ஆட்டம் முடியட்டும், அப்பா ஒரு நாளாவது அவனோடு ஆடிவிடட்டும், அப்புறம் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு அவன் வருகிறானா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும். பேரனுக்குச் சனிக்கிழமை எண்ணெய் வைக்க மறக்க வேண்டாம்.

உன் அம்மா,
மா. தங்கம்