ஆங்கிலம் மட்டும் பேசும் வீடு

மான்ட்ரியால்,
பிப்ரவரி 9

ரோமெலுக்கு,

நலம் விசாரிக்க இப்போது மனமில்லை. இங்கேயே தங்குவதற்கான பிரெஞ்சுத் தேர்வில் தோற்றதைச் சொன்னதும் போனில் நீ கத்திய கத்தலிலேயே உன் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"அஞ்சு வருஷமா அங்க என்னத்தக் கிழிச்ச? டெலியா அக்கா பொண்ணு ரெண்டே வருஷத்துல பிரெஞ்சுல வெளுத்து வாங்குறா" என்றாய். வாங்குவாள். அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறு பேச்சில்லை. நான் வாழ்க்கைப்பட்டது உனக்கு.

மதாம் லமார்ஷ் என்னை எதற்கு வேலைக்கு வைத்தாள் தெரியுமா? பிலிப்பைன்ஸ்காரி வந்தால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், கூடவே இரண்டுக்கும் சும்மாவே ஆங்கிலம் வந்துவிடும் என்று. முதல் வாரம் சின்னவளிடம், தெருவில் கேட்டுப் பிடித்த பிரெஞ்சில், பார்த்துப் போ என்றேன். மதாம் சிரித்துக்கொண்டே, "நெனெத், இவங்ககிட்ட இங்கிலீஷ் மட்டுந்தான். உன் பிரெஞ்சு ஒட்டிக்கிச்சுன்னா ஸ்கூல்ல சிரிப்பாங்க" என்றாள். ஜன்னலில் பிரெஞ்சைக் காப்போம் என்று இந்த மாகாணத்து நீலக்கொடி. அடுக்களையில் எனக்கு வாய்ப்பூட்டு.

மாலை வகுப்பு ஆறு மணிக்கு. பிள்ளைகளின் சாப்பாடும் ஆறு மணிக்கு. "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று ஐந்து வருஷமும் சொன்னாள். கடையில் பிரெஞ்சில் ரொட்டி கேட்டால், என் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரி ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். மரியாதையாம்! ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் நம் ஆட்கள். யாரிடம் பேசிக் கற்றுக்கொள்வேன், சுவரிடமா?

தேர்வில் கேட்டது சின்னக் கேள்விதான்: நேற்று என்ன செய்தீர்கள்? வாயைத் திறந்தேன், ஆங்கிலம் வந்தது. முடிவைப் பார்த்த மதாம் என் தோளைத் தட்டி, "எங்க மொழிய நாங்க காப்பாத்த வேண்டாமா, நெனெத்" என்றாள். அதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். மறுநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புது முதலாளி பெயருக்கு வேலை அனுமதி மாற மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை வேலையில்லை. கிறிஸ்துமஸுக்குப் பரிசுப் பெட்டி வரலையே என்று கேட்டாய். சாப்பிட்டாயா என்று கேட்டாயா?

இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருக்கிறேன். தலைமைச் சமையல்காரி ஜினெத்துக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது, என் நல்ல காலம். விடிந்தால் திட்டுத்தான். போன செவ்வாய் சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டியவள் நான்தான் என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். "கொட்டினது நீ, என் கண்ணால பாத்தேன். நாக்கு செத்துப்போச்சுன்னா வீட்டுல போய் உக்காரு" என்று பிரெஞ்சிலேயே கொடுத்தேன். பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். ஐந்து வருஷம் சிரித்துப் பேசியவள் தராததை இவள் இரண்டு மாதம் திட்டியே தந்துவிட்டாள்.

மார்ச் பதினான்கு மறு தேர்வு. இதிலும் தோற்றால் ஜூலையோடு என் அனுமதி முடிகிறது. நீயும் மகளும் இங்கே வந்து சேர்வதும் அத்தோடு முடிந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது, ரோமெல்.

இன்னொன்று. இங்கே வந்தால் உதவும் என்று ஜோவெலினை என்னிடம் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்லியிருக்கிறாயாம். நல்ல காரியம் செய்தாய்! மதாம் வீட்டுச் சட்டத்தை நம் வீட்டிலும் கொண்டுவந்து வைத்துவிட்டாய். எங்களை எப்போது கூட்டிப்போவாய் என்று அவள் ஆங்கிலத்தில் கேட்கிறாள். மதாமின் பிள்ளைகளைச் சமாளித்த பழக்கத்தில், சீக்கிரமே கண்ணு என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

குழந்தை இயேசு உங்கள் இருவரையும் காக்கட்டும். பதினான்காம் தேதி எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. வருகிற ஞாயிறு அவளை அதே கேள்வியை நம் இலோங்கோ மொழியிலேயே கேட்க விடு. அதில் எனக்குப் பொய் சொல்ல வராது.

நெனெத்