பத்து நாற்பதுக்குப் போய் பதினொன்று இருபதுக்கு வரும் பருந்து

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், வேலைக்குப் போன அந்தத் தீவில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். மனசு சௌக்கியமா என்று மட்டும் கேட்டுவிடாதே. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னைவிட அதிகமாக உத்தரவு போடுகிறாள். உன் அண்ணன் வீடு ஒன்பதாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரிகிறது. ஆபரேஷனுக்காக ஊரிலிருந்து நாங்கள் கிளம்பும்போது நீ போனில் என்ன சொன்னாய்? பெரிய ஊர்லயும் மிருகம் பறவை எல்லாம் இருக்குப்பா, தேடிப் பாத்து எழுதுங்க என்றாய். சரி, பொழுது போகவேண்டுமே என்று தேடப் போனேன், அந்தக் கூத்தைக் கேள். பூங்காவைக் காலை எட்டு மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், அப்புறம் சாயங்காலம்தான் திறப்பார்களாம். ஏம்பா, மரமெல்லாம் மத்தியானம் தூங்குமா என்று காவலாளியைக் கேட்டேன், முறைத்தார். ஏரி இருக்கிறதென்று அண்ணன் சொன்னானே என்று இரண்டு பஸ் மாறிப் போனால் சுற்றிலும் தகரம் அடித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தேன், ஒரே ஒரு கொக்கு, அதுவும் பழைய டயர்மேல் நிற்கிறது. டிவியில காட்டுறாங்களேப்பா, உக்காந்து பாருங்களேன் என்கிறான் உன் அண்ணன். வந்த கோபத்தில் கீழே கார் நிறுத்துமிடத்தில் போய் உட்கார்ந்தேன். அங்கே சாக்கடை மூடிக்கு அடியிலிருந்து ஒரு கீரி எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கென்ன என்று குறுக்கே ஓடியது. நிமிர்ந்தால் தூங்குமூஞ்சி மரத்தில் பருந்துக் கூடு! சுள்ளியோடு கொஞ்சம் ஒயர், யாருடையதோ ஒரு சாக்ஸ், நடுவில் ஒற்றைக் குஞ்சு.

முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். புறப்பாடு, வருகை, கொண்டுவந்த சரக்கு. பருந்துக்குக்கூட அட்டவணையா என்று அம்மா சிரித்தாள். பதினாறு நாள் எழுதியிருக்கிறேன். காலை பத்து நாற்பதுக்குத் தாய் தகப்பன் இரண்டும் கிளம்பினால் பதினொன்று இருபதுக்குத் தாய் திரும்பி வரும். எங்கள் டிப்போவில் ஒரு டிரைவர்கூட இந்த ஒழுங்கில் ஓட்டியதில்லை. இதற்கிடையில் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், கார் மேலெல்லாம் எச்சம், அந்தக் கிளையை வெட்டணும் என்று கிளம்பினார். நான் சும்மா இருப்பேனா? நோட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கே போய், பாருங்க சார், நம்மளைவிட ஒழுங்கா குடும்பம் நடத்துதுங்க, குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுங்க என்று பக்கம் பக்கமாகக் காட்டினேன். மனுஷன் பொறுமையாகப் புரட்டினார், ரொம்ப உபயோகமா இருக்கு சார் என்று போனில் படம் வேறு எடுத்துக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன், மடையன்.

போன வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு ரம்பச் சத்தம். லிஃப்ட் வரவில்லை, ஒன்பது மாடியும் படியில் இறங்கி ஓடினேன். அதற்குள் பாதிக் கிளை கீழே. மரம் வெட்டுகிறவர் நல்ல மனுஷன், குஞ்சைத் துண்டில் சுற்றி முதலிலேயே இறக்கியிருந்தார். பத்து நாப்பதுக்கு மேல தாய்ப்பருந்து இருக்காதுன்னு செயலாளர் சொன்னாருங்க, இருந்தா மண்டையில கொத்திடுமே என்றார். செயலாளருக்கு யார் சொன்னது? என் கையெழுத்துதானே சொன்னது! பறவைக் காப்பகத்துக்காரர்கள் வந்து குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோனார்கள். நான் அங்கேயே நின்றேன். எத்தனையோ வண்டிகள் தாமதமாக வந்ததற்குத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், இது ஒன்றாவது தாமதமாக வரக்கூடாதா என்று அன்றைக்குத் தவித்தேன். சரியாகப் பதினொன்று இருபதுக்கு வந்தது. காலில் ஒரு எலி. கிளை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது, கத்திக்கொண்டே இருந்தது.

காப்பகத்துக்கு நேற்றுப் போனேன். குஞ்சு நன்றாகச் சாப்பிடுகிறது, என்னைக் கண்டால் கத்துகிறது, கத்தட்டும். காக்கா குருவி பார்க்கவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று நீ தீவுக்குக் கிளம்பிய அன்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். இந்த நாலு வருஷமாக உன் பறவை ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை, என் தப்புதான். இப்போது கேட்கிறேன், நீதான் சொல்லவேண்டும். இரை எடுக்கப் பழகியதும் அதை இந்த மரத்தடிக்கே கொண்டுவந்து விட்டால் பெரியதுகள் சேர்த்துக்கொள்ளுமா? பிள்ளையைக் காணாத பருந்து எத்தனை நாள் வந்து தேடும்? ஆறு நாளாக அதே நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், என்னுடையதும் அதோடு சேர்த்தி. நோயில்லாமல் நூறு வருஷம் இரு. தனியாகக் காட்டுக்குள் போகாதே, மழையில் நனையாதே. மறக்காமல் பதில் போடு, நீ எப்போது வருகிறாய் என்று தேதியும் நேரமும் எழுது. தாமதமாக வந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் வருகைக்காக நோட்டில் ஒரு பக்கம் விட்டுவைத்திருக்கும்
அப்பா