மழை நாளில் மூடிய ஏழு பூக்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஏழாம் எண் பூவின் நாக்கு போன்ற கீழிதழ் லேசாக நடுங்கியது. முதலில் அதைத்தான் கவனித்தேன். கடுகளவு கொசு ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருந்தது. கண் இமைப்பதற்குள் நாக்கு மடிந்து கொசுவை உள்ளே தள்ளி மூடிக்கொண்டது. ஆறு நிமிடம் கழித்து மேலே உள்ள சந்து வழியாக, முதுகில் மஞ்சள் மகரந்தத்தோடு அது வெளியே வந்தது. பூ மறுபடி திறக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

உங்கள் ஆராய்ச்சிக்காக நான் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு ஆர்க்கிட் பூக்களும் நலம். அத்தைதான், "பூவை முறைச்சுப் பாக்குறதெல்லாம் ஒரு வேலையாடி?" என்கிறாள். இது நின்றுபோனால் அவளுடைய சலவைக் கடைக்குப் போக வேண்டும். அங்கே நாள் முழுக்க ஆட்களோடு பேச வேண்டும். வகுப்பில் எழுந்து பேசச் சொன்னதற்கே பள்ளியை விட்டவள் நான்.

உங்கள்,
வாயில்லாப் பூச்சி

ஜூன் 22

என் வாயில்லாப் பூச்சிக்கு,

பூக்களைக் கவனித்து நீ எழுதி அனுப்பிய இரண்டாவது நோட்டு கிடைத்தது. ஐந்து நாள் விடாத மழை, கொசு பறக்காத குளிர். அப்போதும் ஏழு பூக்கள் மூடியதாக எழுதியிருக்கிறாய்! மழையில் வரும் வேறொரு பூச்சி இருக்க வேண்டும். 27-ஆம் தேதி கருத்தரங்கில் இதைச் சொல்லப் போகிறேன், உன் கண்ணை நம்பித்தான். நனைந்துகொண்டே உட்காராதே, குடை வைத்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 26

அக்கா,

வேறு பூச்சி எதுவும் இல்லை. நான்தான்.

ஐந்து நாளும் நோட்டு வெறுமையாக இருந்தால், இவள் எதற்கு என்று நிறுத்திவிடுவீர்களோ என்று பயந்தேன். புல் நுனியால் நாக்கைத் தொட்டேன். மூடியது. எழுதினேன். மூடியது பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நாளைக்குள் இந்தக் கடிதம் வந்து சேராது. அதனால் போன் இருக்கும் அத்தையின் கடைக்குப் போனேன். ஆறு பேர் துணியோடு நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தேன். நீங்கள் இல்லை. வேறு யாரோ எடுத்தார்.

"மழை நாள்ல அந்தப் பூவையெல்லாம் மூடினது நான்தான்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"சரியா கேக்கலம்மா" என்றார்.

இன்னும் சத்தமாகச் சொன்னேன்.